கீழ இருக்கேன்

குணசுந்தரிக்கு இரண்டு போன், இரண்டு குரல். ஆபீஸ் போனை எடுத்தால் அவள் மேடம். சொந்த போனை எடுத்தால் குணா.

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் லாரி ஆபீஸில் அவளுக்கு உத்தியோகம். அந்த வேலைக்கு 'ஃபாலோ அப்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். நல்ல தமிழில் சொன்னால் நச்சரிப்பு. எந்த வண்டி எங்கே போகிறது, ஏன் நிற்கிறது, நின்றது எப்போது கிளம்பும் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் டிரைவர்களின் உயிரை வாங்க வேண்டும். மற்ற டிரைவர்களை அவள் அண்ணா என்று கூப்பிட்டு உயிரை வாங்குவாள். வாசுவை மட்டும் அப்படிக் கூப்பிட முடியாது. அவன் அவளுடைய புருஷன். அதனால் ஆபீஸ் போனில் அவனை 'டிரைவர்' என்பாள். அவனும் சளைக்காமல் 'சொல்லுங்க மேடம்' என்பான். பக்கத்து மேஜையில் பில் போடும் லவினா இதைக் கேட்டுச் சிரிக்காத நாள் கிடையாது.

"இன்னா குணாக்கா, வீட்லயும் இப்படித்தானா?"

"வீட்லயும் நான் மேடம்னா சோறு யாருடி ஆக்கறது?"

இது போக, அந்த வீட்டில் வேறொரு பாஷையும் உண்டு. வாசுவின் அப்பா தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். அவர்கள் வீட்டில் வேலைக்குப் போவதற்குக் 'கீழே போவது' என்று பேர். வேலை முடிந்தால் 'மேலே வருவது'. சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கினால் கீழே, ஏறினால் மேலே. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த மாரிகுப்பத்து லைன் வீடுகளில் பேச்சை மூட யாரும் வரவில்லை. வாசு லாரியில் ஏறி உட்கார்ந்தாலும் கீழே போவதுதான். பூதிகோட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் குணா இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். "ஏறி உக்காந்துகினு கீழ போறேன்னு சொல்ற ஆள இங்கதான் பாக்கறேன்" என்பாள். பிறகு அவளுக்கும் அதுவே நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அதற்கென்று ஒரு சட்டமும் இருந்தது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது அவள் கூப்பிட்டுவிட்டால், "கீழ இருக்கேன்" என்று இரண்டே சொல் வரும். அவள் உடனே வைத்துவிட வேண்டும். கீழே இருக்கிறவனிடம் பேச்சு வளர்க்கக் கூடாது. வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு அவனே கூப்பிட்டு, "மேல வந்துட்டேன்" என்பான். கேஸ் தீர்ந்தது, சின்னவளுக்குப் பல் வலி, மாமியார் முறைத்துக்கொண்டது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அன்றைக்கு விடியும்போதே கோளாறு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனிக்குச் சரக்கு போக வேண்டும். கார் கதவுக்கான இரும்புக் கீல்கள், ஒரு லாரி நிறைய. அந்தக் கம்பெனிக்காரர்கள் கிடங்கு என்று ஒன்று வைத்துக்கொள்வதில்லை. சரக்கு வர வர, காரில் பூட்டிக்கொண்டே போவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு வண்டி கேட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அங்கே கார் பூட்டும் லைன் நின்றுவிடும். லைன் நிற்கக் கூடாது என்றால் இங்கே ஒருத்தன் தூங்கக் கூடாது. படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு. போன மாதம் இரண்டு தடவை லேட்டாகி, மூன்றாம் தடவை லேட்டானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கம்பெனி போனால் இந்த ஆபீஸில் பாதி வண்டிகளுக்கு வேலை இல்லை.

ஓட்ட வேண்டிய டிரைவருக்குக் காய்ச்சல். வேறு யாரும் கைவசம் இல்லை. சேலத்திலிருந்து ராத்திரி பூரா ஓட்டிக்கொண்டு வந்த வாசு, ஆபீஸுக்குப் பின்னால் லாரி நிறுத்தும் யார்டில் குழாயடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

முதலாளி ரவிகுமார் அவனைப் பார்க்கவில்லை, குணாவைப் பார்த்தார். ரவிகுமாரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்தால் நன்றாகத் திட்டிவிட்டாவது போகலாம். அவர் யாரையும் வற்புறுத்த மாட்டார். வற்புறுத்துவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தார்.

"நீயே சொல்லும்மா. நான் சொன்னா ஆர்டர் போடற மாதிரி இருக்கும்."

அவள் கீழே இறங்கிப் போய்ச் சொன்னாள். வாசு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அவளையே பார்த்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாக இருந்தது.

"மேடம் சொன்னா போய்த்தானே ஆவணும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவள் தனக்காகக் கொண்டுவந்த புளிசாதத்தை அவன் கையில் திணித்தாள். அதைத் தவிர அந்த நேரத்தில் அவளிடம் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை.

வாசுவின் வண்டி வி.கோட்டாவை நெருங்கும்போது அவளுடைய சொந்த போன் அடித்தது.

"மேல வந்துட்டேன். டீக்கடை ஓரமா நிறுத்தியிருக்கேன்" என்றான் வாசு. "குணா, நான் மேடத்த கேக்கல. உன்னத்தான் கேக்கறேன். கண்ணு எரியுது. மலை இறங்கறதுக்கு முன்னாடி இங்கயே ஒரு மணி நேரம் படுக்கட்டா?"

ரவிகுமார் அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சுவரில் இருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் இங்கே போனால் வேலூரில் போகும், வேலூரில் போனால் கேட்டில் போகும். அவளுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். கையில் இருந்தது சொந்த போன். வாயில் வந்தது ஆபீஸ் குரல்.

"இப்ப நிறுத்தினா கேட் போயிடும் டிரைவர். சரக்க இறக்கிட்டு அங்க நல்லா படுத்துக்குங்க."

அந்தப் பக்கம் வண்டிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சிரித்தான்.

"சரிங்க மேடம். கீழ போறேன்."

"பாவம், ராத்திரி பூரா ஓட்டினவன்" என்று காலண்டரிடம் சொல்லிவிட்டு ரவிகுமார் டீ குடிக்கப் போனார். போனை மேஜைமேல் வைத்தபோது குணாவுக்குத் தன்னையே பிடிக்கவில்லை. ராத்திரி அவன் வந்ததும் கறி எடுத்து ஆக்கிப் போட்டு, குணாவாகவே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று மனசைச் சமாதானப்படுத்தினாள்.

வண்டிகள் எல்லாம் அவளுக்கு எதிரே இருந்த திரையில் புள்ளிகளாக ஓடும். வாசுவின் புள்ளி வி.கோட்டாவைத் தாண்டி, பத்தலப்பல்லி மலையின் உச்சிக்கு வந்து அப்படியே நின்றது. அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. மலைப்பாதையில் சிக்னல் சரியாக இருக்காது. எந்த வண்டியின் புள்ளியும் உச்சியில் உறைந்து நிற்கும்; வண்டி இறங்கி முடித்ததும் அடிவாரத்தில் ஒரே தாவலாகத் தாவி வந்து உட்காரும்.

சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து தூசி கிளம்ப, லவினா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். ஆபீஸ் போனில் கார் கம்பெனிப் பெண் வந்தாள். அவளும் அங்கே ஒரு ஃபாலோ அப். "உங்க வண்டி எங்க மேடம் இருக்கு?" என்று அவள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே சொந்த போனும் அடித்தது. குணா அதை எடுத்து மறுகாதில் வைத்தாள்.

"குணா..."

காற்றா, இரைச்சலா தெரியவில்லை, நடுவில் அறுந்து அறுந்து வந்தது.

"கீழ... கீழ இருக்கேன்..."

குரல் இழுத்தது. தூக்கக் கலக்கம் என்று அவள் நினைத்தாள். காலையில் தூங்க விடாத கோபமும் சேர்ந்திருக்கிறது என்று நினைத்தாள்.

"சரி சரி, ரெண்டு மணி ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லி, சட்டப்படி உடனே வைத்துவிட்டாள். போன் கிடைத்ததால் மலை இறங்கியிருப்பான் என்று வைத்துக்கொண்டு, அந்தக் காதிலிருந்து இந்தக் காதுக்கு வந்து, "மேடம், வண்டி மலை இறங்கிடுச்சு. ரெண்டு மணிக்கு உங்க கேட்ல இருக்கும்" என்றாள். கார் கம்பெனிப் பெண்ணுக்குச் சந்தோஷம். டீ குடித்துவிட்டு வந்து நின்ற ரவிகுமாருக்கும் சந்தோஷம்.

ஆனால் புள்ளி தாவவில்லை.

"இன்னாம்மா, இன்னும் உச்சியிலயே காட்டுது?" என்று ரவிகுமார் கேட்டார்.

"பேசிட்டாரு சார். கீழ இருக்கேன்னு சொன்னாரு. டிராக்கர்தான் மாட்டிக்கினு இருக்கும்."

போன வாரம்கூட கோவிந்தனின் வண்டி வீட்டு வாசலுக்கு வந்தபிறகும் வாணியம்பாடியிலேயே நிற்பதாகக் காட்டியது. இந்த டிராக்கரை நம்பிப் பேசுவதற்கு, கிளி ஜோசியம் பார்த்துவிட்டுப் பேசலாம். குணா இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அவன் கோபத்தில் அணைத்து வைத்திருப்பான் என்று எடுத்துக்கொண்டாள். மேலும் கூப்பிடவில்லை. கீழே இருக்கிறவனைத் தொந்தரவு செய்யக் கூடாதே.

இப்படியே மற்ற வண்டிகளை விரட்டுவதில் நேரம் போனது. சாப்பாட்டு வேளையில் லவினா தன் டப்பாவைத் திறந்து பாதியை இந்தப் பக்கம் தள்ளினாள். குணாவுக்கு இறங்கவில்லை. அவனுக்கு இரண்டு வரி எழுதிப் போட்டால், எங்கேயாவது சிக்னல் வந்ததும் பார்ப்பான் என்று தோன்றியது. போனைத் திறந்து அவன் பேரைத் தேடினாள். முந்தைய அழைப்புகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன அம்பு: அவள் கூப்பிட்டதற்கு வெளியே பார்க்கும் அம்பு, அவன் கூப்பிட்டதற்கு உள்ளே பார்க்கும் அம்பு.

கடைசியாக அவன் பேசிய அழைப்பின் அம்பு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் கூப்பிட்டிருக்கிறான்.

அவள் கையில் இருந்த சோற்றை டப்பாவிலேயே போட்டாள். கீழே இருக்கிறவன் எதற்குத் தானாகக் கூப்பிட்டுக் கீழே இருக்கேன் என்று சொல்ல வேண்டும்? அது அவள் கேட்டால் அவன் சொல்லுகிற பதில். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவனாகக் கூப்பிட்டு அப்படிச் சொன்னதில்லை. அதுவும் ஆபீஸ் போனுக்கு வராமல், மேடத்தைக் கேட்காமல், குணாவைக் கூப்பிட்டிருக்கிறான். குணா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் இரண்டு மணியை ஞாபகப்படுத்தினாள்.

வீட்டுப் பேச்சில்லை அது. மலை இறங்கிவிட்டேன் என்பதும் இல்லை. கீழே என்றால் கீழே.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. ரவிகுமார் ஓடி வந்தார். அவள் சொன்னது அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நம்பப் பிடிக்கவில்லை.

"நல்லத நினைம்மா. டிராக்கர் கோளாறுன்னு நீதானே சொன்ன?"

"நான்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு."

திரையில் கோவிந்தனின் புள்ளி பேர்ணாம்பட்டில் இருந்தது. ராணிப்பேட்டையிலிருந்து இரும்புத் தகடு ஏற்றிக்கொண்டு, அதே மலையில் ஏற வேண்டிய வண்டி. அவள் ஆபீஸ் போனை எடுத்தாள்.

"கோவிந்தன நிறுத்தாதம்மா" என்றார் ரவிகுமார். "அந்தத் தகடு வராம இங்க ஃபேக்டரில பிரஸ் மிஷினு சும்மா நிக்குது. அந்த ஆளுங்க காலையிலர்ந்து சீக்கிரம் சீக்கிரம்னு கன்னடத்துல 'பேகா பேகா'ன்னு குதிக்கறாங்க. வேணும்னா போலீசுக்குச் சொல்லலாம்."

"சொல்லுங்க. அத நீங்க சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் எண்ணை அழுத்தினாள். அவருக்கு முதுகைக் காட்டி அவள் பேசியது அன்றுதான் முதல் தடவை.

"கோவிந்தண்ணா, மலைல வண்டிய நிறுத்துங்க."

"இன்னா தங்கச்சி சொன்ன?" கோவிந்தன் சிரித்தார். "நிறுத்தவா? உனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவர் சிரித்ததில் தப்பில்லை. அந்த ஆபீஸில் சேர்ந்த நாளிலிருந்து அவள் யாரையும் வண்டியை நிறுத்தச் சொன்னதே இல்லை. அவள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்துச் சிரிப்பு நின்றது.

"வளைவுக்கு வளைவு எட்டிப் பாருங்கண்ணா. டைமிங் நாசமா போவட்டும். எவன் கேட்டாலும் மேடம் சொன்னாங்கன்னு சொல்லுங்க."

"நீ போன வையி. நான் பாக்கறேன்" என்றார் கோவிந்தன்.

பிறகு அவருடைய புள்ளியும் அடிவாரத்தில் உறைந்துபோனது. ரவிகுமார் போலீசுக்குப் போட்டார். எந்த இடம், ஆந்திரா லிமிட்டா தமிழ்நாடு லிமிட்டா என்று கேட்டார்கள். அவர் தெரியாமல் விழித்தார். லவினா குணாவின் முதுகைத் தடவிக்கொண்டே மாதாவை வேண்டிக்கொண்டாள். குணாவுக்கு எந்தச் சாமியின் பேரும் வாயில் வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. சுரங்கத்தில் பாறை வெடித்த நாட்களில் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாசலில் பெண்கள் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டார்களாம், மேல வந்துட்டாரா, மேல வந்துட்டாரா என்று. மாமியார் சொல்லக் கேட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் அது பழைய கதை என்று காதில் வாங்கியும் வாங்காமலும் இருந்திருக்கிறாள்.

கோவிந்தன் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, தடுப்புச் சுவரு உடைஞ்சி கீது. வண்டி கீழ இறங்கி ஒரு மரத்துல சாஞ்சி நிக்குது. ரோட்லர்ந்து பாத்தா தெரியல. இறங்கி எட்டிப் பாத்தாதான் தெரியுது."

"அவரு?"

"கூவினேன். குரல் குடுத்தான். கால் மாட்டிகினு கீது போல. ஒரு பஸ் நிக்குது, ஆளுங்க இறங்கியிருக்காங்க. தார்ப்பா கட்டற கயிறு இருக்குது எங்கிட்ட. சிக்னலுக்காக ஓடி வந்தேன், வைக்கறேன்."

குரல் கொடுத்தான். அது போதும் என்று அவள் நினைக்கப் பார்த்தாள். ஆனால் காலையில் அவளுக்கும்தான் குரல் கொடுத்தான். அவள் என்ன செய்தாள்? அப்போதே அவள் எழுந்திருந்தால் இந்நேரம் அவன் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பான். எத்தனை வண்டிகள் அந்த வளைவில் அவன் தலைக்கு மேலே போயிருக்கும், எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய வண்டிகள். அவள் மேஜையில் தலையை வைத்து வாய்விட்டு அழுதாள்.

ஆபீஸ் போன் அடித்தது. கோவிந்தன் என்று பாய்ந்து எடுத்தாள். கார் கம்பெனிப் பெண்.

"மேடம், உங்க வண்டி இன்னும் கேட்டுக்கு வரலையே. லைன்ல எல்லாரும் வெயிட் பண்றாங்க. கரெக்டா எங்க இருக்குன்னு சொல்லுங்க."

"வண்டி கீழ இருக்கு" என்றாள் குணசுந்தரி. "டிரைவர் இன்னும் மேல வரல."

"புரியல மேடம். கீழன்னா எந்த ஊரு?"

அவள் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். அது மறுபடி அடித்தது. ரவிகுமார் வந்து, அதன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

சொந்த போனில் கோவிந்தன் வந்தபோது அவளால் உடனே எடுக்க முடியவில்லை. லவினாதான் எடுத்து அவள் காதில் வைத்தாள்.

"மேல வந்துட்டாராண்ணா?"

"வந்துட்டான். மேல வந்துட்டான் தங்கச்சி. அழாத." கோவிந்தன் அழுதுகொண்டுதான் சொன்னார். "ஒரு கால் மோசமா கீது. தலையில அடி. ரத்தம் நிறைய போயிருக்கு. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம், நானும் கூடவே போறேன், இப்பதான் சிக்னல் வந்துது. வண்டிய அங்கயே உட்டுட்டேன்."

"கிடக்கட்டும். அவருகிட்ட குடுங்கண்ணா."

"இரு. இந்தத் தம்பி இன்னாவோ சொல்றாரு."

ஆம்புலன்ஸில் இருந்தவர் போனை வாங்கினார். அவர் குரலில் பதற்றம் இல்லை, அவசரம் இருந்தது.

"அவங்க வீட்டம்மாங்களா? கண்ண மூடிக்கிட்டே போறாருங்க. ஆஸ்பத்திரி போற வரைக்கும் தூங்க விடக் கூடாது. நாங்க கூப்பிட்டா முழிக்க மாட்டேங்கறார். நீங்க பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க."

போன் எங்கோ உரசியது. மூச்சுச் சத்தம் கேட்டது.

"என்னங்க" என்றாள். "என்னங்க, நான்தான்."

வெகு நேரம் கழித்து அவன் குரல் வந்தது.

"யாரு... மேடமா?"

"இல்லங்க. குணா. குணாதாங்க பேசறேன்."

"குணாவா..." அவன் குரலில் ஏதோ ஒரு நிம்மதி வந்ததுபோல் இருந்தது. "அப்ப சரி. குணா... கொஞ்ச நேரம் படுக்கட்டா?"

"வேணாங்க, தூங்காதீங்க. என் ராசா இல்ல, கொஞ்ச நேரம் முழிச்சிகினு இருங்க" என்று கெஞ்சினாள். சின்னவளின் பேரைச் சொன்னாள். காலையில் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். ம், ம் என்று வந்துகொண்டிருந்த பதில் இன்னும் மெதுவாகி, அப்புறம் மூச்சு மட்டும்தான் வந்தது. குணாவின் குரல் அவனைத் தாலாட்டிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. தூரத்தில் ஆம்புலன்ஸ்காரர், "சார், சார், கண்ணத் தொறங்க" என்று கத்துவது கேட்டது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டிரைவர்!"

லவினா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"டிரைவர், எங்க இருக்கீங்க இப்ப? ஆபீஸ்லர்ந்து பேசறேன். எங்க இருக்கீங்கன்னு கேட்டேன்!"

ஒன்றும் இல்லை. பிறகு, மிகவும் ஆழத்திலிருந்து வருவதுபோல் பதில் வந்தது.

"சொல்லுங்க... மேடம்."

"அடிவாரம் வந்துட்டீங்களா? ஜன்னல்ல இன்னா தெரியுது? பாத்துச் சொல்லுங்க. இடம் சொல்லாம நான் விட மாட்டேன்."

"புளியமரம்... மேடம்."

"அடுத்து?"

"கண்ணு எரியுது மேடம்."

"எரியட்டும் டிரைவர். தொறந்தே வச்சிருங்க. புளியமரத்துக்கு அப்புறம் இன்னா வருது, சொல்லுங்க."